உனக்கு நாற்காலி தருவார்களா?

ஜூன் 6

என் மகள் பாப்பாவுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் சுகம்தானே?

உன் கடிதத்தை எதிரே நகல் கடை வைத்திருக்கிற நம்ம ஜெராக்ஸ் மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். போனில் பேசினால் பாதி என் காதில் ஏறுவதில்லை, மீதிப் பாதிக்கு நானாக எதையாவது போட்டு நிரப்பிக்கொள்கிறேன் என்று சொல்லி நீதான் கடிதத்துக்கு மாறினாய். அதுவும் நல்லதுதான். கடிதத்தை மறுபடி சொல்லச் சொன்னால் அது சலித்துக்கொள்வதில்லை. ஜெராக்ஸ்தான் சலித்துக்கொள்கிறாள்.

"உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல வகுப்பு உதவியாளர் வேலைக்குப் போகப் போறாளாம் பெரியப்பா" என்றாள்.

"வாத்தியார் வேலைன்னு சொல்லு."

"வாத்தியார் இல்ல. வாத்தியாருக்கு ஒத்தாசை."

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாத்தியார் முன்னால் நின்று பாடம் சொல்கிறார். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். நடுவில் இன்னொரு ஆளுக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்துக்கு நான் போனதெல்லாம் உன்னைக் கொண்டுபோய் விடத்தான். வாசலோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது சினிமாக் கொட்டகை. படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டி உட்கார வைத்தே என் காலம் போயிற்று. திரையை மறைக்கக் கூடாது, குனிந்தே நடக்க வேண்டும். ஒரு நாள் கால் கடுக்கிறது என்று முதலாளியிடம் ஒரு நாற்காலி கேட்டேன். "டார்ச்சுக்கு எதுக்குய்யா நாற்காலி?" என்றார். அதனால் கேட்கிறேன். உனக்கு நாற்காலி தருவார்களா?

நீ கேட்ட பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இத்துடன் வருகிறது. முதல் தரம் கணக்கில் தவறிப்போய், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு பொழுது சாய்ந்தும் வர மாட்டேன் என்றாயே, அது இதில் இல்லை என்கிறாள் ஜெராக்ஸ். இரண்டாம் தரம் தேறியது மட்டும்தான் இருக்கிறதாம். காகிதத்துக்கு ஞாபகம் கம்மி.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்குப் பாப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை புட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறீர்களா? சான்றிதழ் வந்து சேர்ந்தது.

இன்னொரு ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. பென்சில் சீவுவது, மூக்கைத் துடைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, டீச்சர் ஒரு தடவை சொன்னதைப் பின்தங்குகிற பிள்ளையின் பக்கத்தில் இருந்து நாலு தடவை மெதுவாகச் சொல்வது. முப்பத்தைந்து பிள்ளைகளில் முப்பது பேரை டீச்சர் பார்த்துக்கொள்வார். மிச்சம் ஐந்து பேர் என் பங்கு.

இதற்கும் தகுதி கேட்கிறார்கள் அப்பா. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் நடக்கிற குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரு சான்று, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நன்னடத்தைச் சான்று. இதெல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். அனுபவம்தான் அலைந்தால் கிடைக்காதது. ஒரு பருவம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் வகுப்பில் இருந்து பழக வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றாம் வகுப்பில் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உறவினர் அல்லாத இரண்டு பேர், ஐந்து வருடத்துக்கு மேல் என்னைத் தெரிந்தவர்கள், என்னைப் பற்றி எழுதித் தர வேண்டும். ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ். இங்கே அத்தனை நாள் பழக்கம் வேறு யாரும் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் மாமாவிடம் கேட்டு ஆகஸ்ட் முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரே அனுப்பச் சொல்லுங்கள். விலாசம் தனித்தாளில் இருக்கிறது.

என் ஐந்து பேரில் ஒருவனைப் பிள்ளைகள் 'மேசைக்கடியான்' என்று கூப்பிடுகிறார்கள். காலையில் வந்ததும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் காதில் விழாதவன் போல இருப்பான். டீச்சர் கை விட்டுவிட்டார். "உன்னால முடிஞ்சா வெளிய கொண்டு வா" என்றார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் நேரமாகிவிடுகிறது. உங்கள் பேத்தியைப் பள்ளி விட்டதும் உங்கள் மாப்பிள்ளையே போய்க் கூட்டி வந்து, நான் வருவதற்குள் சமையலையும் முடித்துவிடுகிறார். அதனால் எனக்குக் கஷ்டமில்லை.

பாப்பா


ஜூலை 2

பாப்பாவுக்கு அப்பா. இங்கே நலம். எண்ணெய் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன், ஜெராக்ஸ் சாட்சி.

கம்பவுண்டர் ஊரில் இல்லை. மகன் வீட்டுக்குப் போயிருக்கிறான், பேரப்பிள்ளைகள் விட மாட்டேன் என்கிறார்களாம். வந்துவிடுவான். அதை என்னிடம் விடு.

நீ எழுதியதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. போன வருடம் உங்கள் வீட்டில் வந்து இருந்தபோது மாப்பிள்ளை அட்டைப்பெட்டி ஆலையில் பகல் ஷிப்டு பார்த்தார். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குத்தான் வருவார். சட்டையெல்லாம் பசை ஒட்டியிருக்கும், பேத்தி பிய்த்துப் பிய்த்து விளையாடுவாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு இப்போது எப்படி வீட்டில் இருக்கிறார்? ஷிப்டு மாறிவிட்டதா? சும்மா கேட்டேன்.

மேசைக்கடியானைப் பற்றி ஜெராக்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். இருட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் பழைய டார்ச்சைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புது பேட்டரி போட்டது. முகத்தில் அடிக்காதே. தரையில் அடித்து வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு வா, அவன் பின்னாலேயே வந்துவிடுவான். எத்தனை பேரை இப்படிக் கூட்டி வந்திருக்கிறேன்!

நாற்காலி பற்றி நீ எழுதவில்லை.

அப்பா


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு. நலம், நலமறிய ஆவல்.

உங்கள் டார்ச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடியே தரையில்தான் அடித்தேன். பையன் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தார், வாட்ச்மேன் ஓடி வந்தார், கடைசியில் தலைமை ஆசிரியையே வந்துவிட்டார். நான் டார்ச்சும் கையுமாக மேசைக்கு முன்னால் மண்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். "என்னம்மா இது, இங்க சினிமாவா ஓடுது?" என்றார். எனக்கு உங்களை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அது இன்னும் தப்பாகப் போய்விட்டது.

டார்ச் இப்போது அலமாரிக்கு மேலே இருக்கிறது. இனி யோசனை எதுவும் பார்சலில் அனுப்பாதீர்கள்.

சனிக்கிழமைப் பயிற்சியில் ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டுப் பழகுகிறோம். என் கையில் கட்டுப் போட்டவள் அவிழ்க்கத் தெரியாமல் விட்டுவிட்டாள், அப்படியே பஸ் ஏறி வந்தேன். எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கம்பவுண்டர் மாமா வந்துவிட்டாரா? மறந்துவிடாதீர்கள்.

பாப்பா


ஜூலை 27

பாப்பாவுக்கு அப்பா. சுகம்.

டார்ச் யோசனை என் தப்பு. கொட்டகைக்கு வருகிறவன் உட்கார இடம் தேடி வருகிறான். உன் பையன் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டவன். அவனுக்கு நான் இடம் காட்டப் போனால் கத்தாமல் என்ன செய்வான்?

யோசனை வேண்டாம் என்றாய், சரி. கேள்வி கேட்கலாமா? அவன் உட்காருவது எந்த மேசைக்கு அடியில்? எப்போதும் அதே மேசையா, இல்லை அன்றன்று மாற்றுகிறானா? அங்கே உட்கார்ந்தால் அவனுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் படுத்தால் அதே நினைப்பாக இருக்கிறது.

கம்பவுண்டர் இன்னும் வரவில்லை.

அப்பா

(அக்கா, ஜெராக்ஸ் எழுதுகிறேன். பெரியப்பா டீ குடிக்கப் போயிருக்கிறார். மாப்பிள்ளை ஷிப்டு பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை என்று கவனித்துவிட்டார். "மறுபடி கேக்கட்டுமா பெரியப்பா?" என்றேன். "வேணாம். ஆலையில வேலை போயிருக்கும். அவ சொல்லலன்னா சொல்ல வேணாம்னு இருக்கா. நீ எழுதாத" என்றார். எழுதாதே என்றதை எழுதிவிட்டேன். நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.)


ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு. உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நலம். ஜெராக்ஸ் தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எந்த மேசையாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், ஆமாம், எப்போதும் அதே மேசை. சுவரை ஒட்டினாற்போல் இருக்கிற மூன்றாவது மேசை. போன வாரம் தரை கழுவுவதற்காக எல்லா மேசையையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். பையன் என்ன செய்தான் தெரியுமா? மேசையைத் தேடிப் போகவில்லை. அதே சுவர் ஓரத்தில், ஈரத் தரையில், வெறுமே போய் உட்கார்ந்தான்.

அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடப் போனதும் நான் அந்த மேசைக்கு அடியில் நுழைந்தேன். உள்ளே தலை நிமிர முடியாது. அவன் எப்படி உட்காருவானோ அப்படியே கால் மடக்கி, காதைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை அப்பா. ஆனால் கேட்டது. அந்த இடத்தில் சுவருக்குள் ஏதோ பழைய குழாய் போகிறது. பக்கத்து வகுப்பில் பேசுவது அத்தனையும் காதுக்குள் பேசுவது போலக் கேட்கிறது. அங்கே மூன்றாம் வகுப்பு. அதில் அவன் அக்கா படிக்கிறாள்.

நாள் முழுக்க அக்காவின் குரல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவரும் உள்ளே நுழைந்து கேட்டுப் பார்த்தார். புடவையில் ஒட்டடையோடு வெளியே வந்து, "இத்தனை வருஷமா இந்த வகுப்புலதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். இப்போது நானும் அவனோடு கொஞ்ச நேரம் உள்ளே உட்காருகிறேன். அக்கா வாய்ப்பாடு சொல்லும்போது இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம். நேற்று அக்கா ஒரு வரியைத் தப்பாகச் சொன்னாள். பையன் என்னைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான்.

மாமா எழுதித் தந்தாரா? நாள் நெருங்குகிறது.

பாப்பா


ஆகஸ்ட் 22

பாப்பாவுக்கு அப்பா. உன் கடிதத்தைக் கடைக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் வாசித்துக் காட்டுகிறாள். நகல் எடுக்க வந்தவர் ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

எந்த மேசை என்று ஏன் கேட்டேன் என்று எனக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது. கொட்டகையில் தூணுக்குப் பின்னால் ஒரு இடம் உண்டு. பாதித் திரை மறைந்துவிடும். அந்த டிக்கெட்டை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் அதையே கேட்டு வாங்குவாள். நல்ல இடம் காட்டினாலும் போக மாட்டாள். கிறுக்கு என்று நினைத்திருந்தேன். அவள் வராமல் நின்றுபோன பிறகு ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே படம் ஓட்டுகிற அறை. ஆபரேட்டர் இருமினால்கூடக் கேட்கும். முன்பு அங்கே இருந்த ஆபரேட்டர் அவள் புருஷனாம். அதற்கு முந்திய மாதம்தான் வேறு ஊர்க் கொட்டகைக்கு மாறிப் போயிருந்தான்.

அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நற்சான்று போய்விட்டது. உன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஆள், ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். கவலைப்படாதே.

அப்பா


செப்டம்பர் 10

அப்பாவுக்கு.

நேற்று நேர்காணல் நடந்தது. ஐந்து பேர் வந்திருந்தார்கள், ஒரே ஒரு இடம். தலைமை ஆசிரியை ஒரு தாளை எடுத்து என் முன்னாலேயே வாசித்தார். 'இந்தப் பெண் பிறந்ததும் அழவில்லை, தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிய பிறகே அழுதாள். நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்தாள், பல் தடம் பதிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். மறு வருடம் தேறினாள். பொய் சொல்ல மாட்டாள், சொன்னாலும் முகத்தில் தெரிந்துவிடும்.' கீழே கையெழுத்து இல்லை. கட்டைவிரல் ரேகை.

"நீ பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கற இவர் உறவினர் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? அப்பா என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வேறொரு நற்சான்று வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மேசைக்கடியானை எனக்கு முன்னால் யாராவது பார்த்தார்களா அப்பா? எத்தனை சனிக்கிழமை, எத்தனை அலைச்சல். இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

பாப்பா


செப்டம்பர் 14

அக்காவுக்கு ஜெராக்ஸ் எழுதுவது. எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளை எழுதியது என் கைதான். நான் அப்போதே சொன்னேன். "பெரியப்பா, சொந்தக்காரங்க தரக் கூடாதுன்னு போட்டிருக்கு." "தெரிஞ்சவங்க தரணும்னும் போட்டிருக்குல்ல? என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்பான்னு எழுதாத, அவ்வளவுதான்" என்றார். கம்பவுண்டர் வந்தபாடில்லை, போனையும் எடுக்கவில்லை. நானும் எழுதித் தொலைத்தேன். என்னைத்தான் திட்ட வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வாசித்து முடித்தேன். மறுபடி வாசி என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இன்று காலை கடை திறக்கும்போது பார்த்தால் அவர் கதவில் பூட்டு. டீக்கடைக்காரரிடம் "இரும்புப் பாலம் பக்கம் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். எந்த இரும்புப் பாலம்? எந்த ஊர்? போர்டு வாசிக்கத் தெரியாத மனிதர், காது வேறு கேட்காது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டார், உள்ளே மணி அடிக்கிறது.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். வந்ததும் உங்களுக்குப் போன் செய்கிறேன். அதற்கு முன் நானும் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது அவரிடம்.


செப்டம்பர் 17

பாப்பாவுக்கு அப்பா. முழுசாக வந்து சேர்ந்துவிட்டேன். ஜெராக்ஸ் போட்ட சத்தம் என் காதிலேயே விழுந்தது என்றால் பார்த்துக்கொள்.

மகன் புது வீட்டுக்குப் போனபோது கம்பவுண்டர் ஒரு தடவை சொன்னான். "பஸ்ஸ விட்டு எறங்கினா இரும்புப் பாலம், தாண்டினா மரக்கடை, அதுக்கு எதிர்ச் சந்துல நீலக் கதவு." ஊர்ப் பெயர் நினைவில்லை. ஆனால் எனக்கு இந்த அடையாளம் போதும். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக டிரைவரிடம் போய்க் கேட்டேன். வாசிக்கத் தெரிந்தவன் போர்டை ஒருமுறை பார்த்தால் முடிந்தது. நான் ஏழெட்டுப் பேரிடம் பேசினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலம் இருந்தது. மரக்கடை செல்போன் கடையாகிவிட்டது. சந்தில் நீலக் கதவைத் தட்டினேன். ஒரு பெண் திறந்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்த பிறகுதான் கம்பவுண்டர் வீடு இது இல்லை என்று தெரிந்தது. "அவங்க நீலம் அடிச்சிருந்தாங்க, நல்லா இருக்கேன்னு நாங்களும் அடிச்சோம். அடிச்சதும் அவங்க மாத்திட்டாங்க" என்றாள். இப்போதும் அவளுக்கு அதில் கோபம்.

இரண்டு வீடு தள்ளி, காப்பிப்பொடி நிறத்தில் கதவு. கம்பவுண்டர் பனியனோடு வந்து நின்றான். "யோவ் டார்ச்சு! நீ எப்பிடிய்யா வந்த?" அவன் போனைப் பேரன் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டானாம்.

விஷயத்தைச் சொன்னேன். "என்ன எழுதட்டும்? நீயே சொல்லு" என்றான். நான் வாயைத் திறந்தால் அது மறுபடி அப்பன் தந்த சான்றாகிவிடும். "உனக்கு என்ன தெரியுமோ எழுது" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். நீ கடித்தது அவன் மகனைத்தான். அதை எழுதுவானா மாட்டானா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எழுதி முடித்து, ஒட்டி, இரண்டு பேருமாகப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரியாதது அன்றைக்கு ஒரு நாள் நல்லதாகப் போயிற்று.

இந்த வேலை உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். தெரியும் பாப்பா.

மாப்பிள்ளை சமைக்கிறாரே, உப்புக் காரமெல்லாம் சரியாக இருக்கிறதா?

அப்பா


அக்டோபர் 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மருமகன் எழுதுவது. எல்லாரும் நலம். தங்கள் முழங்கால் வலி தேவலையா?

கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. அவள் கடிதத்தில் ஒரு ஓரமாக இருந்துவிட்டேன். இன்றைக்கு அவளிடம் பேனாவை நானே வாங்கிக்கொண்டேன்.

நல்ல செய்தி முதலில். இன்று பணி ஆணை வந்தது. வருகிற திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். தபால்காரர் உறையை நீட்டியதும் பிரிக்காமல் என் கையில் கொடுத்து, "நீங்க பாருங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். நான் வாசித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். "என்ன, இல்லையா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். உங்கள் பேத்திதான் தாளைப் பிடுங்கி எழுத்துக்கூட்டி வாசித்துக் கத்தினாள்.

ஆலையில் எங்கள் பிரிவைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள் மாமா. உங்களுக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஜூலையில் நீங்கள் ஷிப்டைப் பற்றிக் கேட்ட கடிதத்தை அவள் மடித்து வைத்துவிட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். "மாமா கண்டுபிடிச்சிட்டாரு" என்றேன். "அப்பாவுக்கு எதையாவது தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவளுக்கும் அது புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்த கடிதத்திலும் கேட்பீர்கள், என்ன பதில் சொல்வது என்று தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அதற்கடுத்ததிலும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற மனிதர் இதை மட்டும் கேட்காமல் விட்டீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். உப்புக் காரம் சரியாக வருகிறது. நேற்றுத்தான் கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

தங்கள் மருமகன்


அக்டோபர் 16

அன்புள்ள அப்பாவுக்கு. நலமா? மறுபடி சொல்லாமல் எங்கேயும் பஸ் ஏறவில்லையே? ஜெராக்ஸ் தங்கச்சி இதை வாசிக்கும்போது உங்களை முறைப்பாள், முறைக்கட்டும்.

அவருக்கு நீங்கள் எழுதிய பதிலை அவர் எனக்குக் காட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இந்த வீட்டில் கேட்காமல் இருக்க எனக்கும் தெரியும்.

கம்பவுண்டர் மாமா எழுதியது என்ன என்றும் தெரியவில்லை. தலைமை ஆசிரியை கையெழுத்து வாங்கும்போது, "உங்க ஊர்ல எல்லாரும் இவ்வளவு விவரமாத்தான் எழுதுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். கடித்ததையும் எழுதியிருப்பார் போல.

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதே ஒன்றாம் வகுப்பு. மேசைக்கடியான் இப்போதெல்லாம் காலையில் மேசைக்கு மேலே இருக்கிறான். அக்கா குரல் வந்தால் உள்ளே இறங்கிப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வருவான். வாய்ப்பாட்டில் அக்கா தப்புச் செய்தால் சுவரில் தட்டுகிறான். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் ஒரு தட்டுத் தட்டுகிறாள். இரண்டு டீச்சரும் கண்டுகொள்வதில்லை.

ஜூன் மாதத்திலிருந்து நீங்கள் கேட்ட ஒன்றுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அனுபவத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது அப்பா. பின்சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். பருவம் முழுக்க நின்றேன், இல்லையென்றால் மேசைக்கு அடியில் உட்கார்ந்தேன். எழுதினால் உங்களுக்கு முதலாளி ஞாபகம் வரும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வாட்ச்மேன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. பின்னால் போடப் போனார். நான் வாங்கி அந்த மூன்றாவது மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, எழுந்துபோய் வேறொரு பிள்ளைக்குப் பென்சில் சீவலாம் என்று பார்த்தால் நாற்காலி நகரவில்லை. குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் காது சுவரில் இருந்தது.

மணி அடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

பாப்பா